கழுவக் கொடுத்த போட்டோ

பின்கட்டில் குடியிருந்த சுபாஷ் மேல் தனக்குச் சந்தேகம் வந்தது மே மாதத்துக்கு அப்புறம்தான் என்று சுந்தராம்பாள் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறாள். மண்ணூரில் அதை யாரும் நம்புவதில்லை. சந்தேகப்பட அவளுக்கு மாதம் கிழமையெல்லாம் தேவையில்லை. பால்காரன் செம்பைச் சாய்க்கும்போதே அவள் கண் செம்பின் அடியில் இருக்கும். புருஷன் எல்லப்பன் கம்பெனி கேட்டில் காவல் வேலை முடித்து அரைமணி தாமதமாக வந்தால், சைக்கிள் டயரில் ஒட்டியிருக்கும் மண்ணின் நிறத்தைப் பார்த்து எந்த வழியாக வந்தான் என்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அதற்கு முந்தின வருஷம் ஆடியில் சுபாஷ் குடும்பம் வந்து இறங்கியது. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். எல்லப்பன் காவல் காக்கும் அதே கம்பெனியில் சுபாஷ் லைன் சூப்பர்வைசர். பெண்டாட்டி ஜாஸ்மின், எட்டு வயதில் ஜோதி என்று ஒரே பெண். அவர்கள் பேசும் தமிழ் முதல் மாதம் சுந்தராம்பாளுக்குப் பாதிதான் புரிந்தது. தண்ணீரை வெள்ளம் என்றார்கள். குழம்பில் தேங்காயை அள்ளிப் போட்டார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவர்கள் ஊர் சுற்றியதுதான்.

மண்ணூரில் ஒரு குடும்பம் பஸ் ஏறினால் ஒரு காரியம் இருக்கும். கல்யாணம், சாவு, கோயில், ஆஸ்பத்திரி. இவர்களோ மார்கழியில் வேடந்தாங்கல் போனார்கள். "எதுக்கும்மா?" என்று கேட்டால், "சும்மா, பறவை பாக்கதுக்கு அக்கா" என்றாள் ஜாஸ்மின். காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. போகும்போதெல்லாம் சுபாஷின் கழுத்தில் கறுப்பு உறை போட்ட கேமரா ஆடும். மஸ்கட்டிலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்ததாம்.

"ஏரின்னா மீன் புடிப்பாங்க, துணி தொவைப்பாங்க. போட்டோ புடிப்பாங்களாடி?" என்று பக்கத்து வீட்டுக் கிளியம்மாளிடம் கேட்டாள் சுந்தராம்பாள்.

"காத்து வாங்கப் போறாங்களாம்க்கா."

"ஏன், நம்ம வூட்ல காத்து இல்லையா? பின்னாடி ஜன்னல் வச்சுத்தானே குடுத்தோம்?"

இப்படி வாய் பேசியவளே பங்குனி உத்திரத்தன்று அந்தக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள் என்பதுதான் கதை. அன்றைக்கு அவள் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பினாள். நாங்களும் வரட்டுமா என்று ஜாஸ்மின் கேட்டாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரங்களுக்கு முருகன் கோயிலில் என்ன வேலை என்று சந்தேகம் வந்தாலும், பஸ்ஸில் துணைக்கு ஆள் ஆச்சு என்று அழைத்துப் போனாள். கோயிலுக்கு வெளியே வளையல் கடை ஓரமாக சுபாஷ் எல்லாரையும் நிறுத்தினான். "அக்கா, கொஞ்சம் சிரிங்க. ஒங்களுக்குச் சிரிப்பு நல்லாருக்கும் பாத்துக்கிடுங்க" என்றான். இருபது வருஷமாக எல்லப்பன் சொல்லாததை ஒரு குடித்தனக்காரன் சொன்னதும் சுந்தராம்பாள் வயிற்றை எக்கி, முந்தானையை விரித்துப் பிடித்து, பல் தெரியச் சிரித்தாள். ஜாஸ்மின் அவள் தோளில் கை போட்டாள். இவளும் பதிலுக்கு ஜாஸ்மின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள். கிளிக் என்று சத்தம் கேட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, "தம்பி, என் போட்டோ?" என்று கேட்டாள்.

"கழுவக் குடுத்திருக்கேன் அக்கா."

சித்திரையில் மறுபடியும் கேட்டாள். கலர் கழுவுகிற மெஷின் ரிப்பேர் என்றான். மேலும் பத்து நாள் கழித்துக் கேட்டபோது, "ரோல் இன்னும் முடியல்ல அக்கா. முப்பத்தாறும் எடுத்தாத்தான் வெளிய எடுக்க முடியும்" என்றான். சுந்தராம்பாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து அரிசி களையும்போது மனசு கூட்டிப் பார்த்தது. ரோல் இன்னும் முடியவில்லை என்றால் முன்னால் கழுவக் கொடுத்தது எதை?

அப்போதும் அது சின்னச் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு மே மாதம் இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது.

அந்தச் சாவுகளைப் பற்றி ஊர் கொஞ்ச நாள் குரலைத் தாழ்த்தித்தான் பேசியது. அப்புறம் ஜீப்புகள் வரத் தொடங்கின. புது ஆள் யார், எங்கிருந்து வந்தான், யார் வீட்டில் தங்கினான் என்று கேள்விகள் தெருத்தெருவாக நடந்தன. செத்துக் கிடந்தவன் பக்கத்தில் கிடைத்த கேமராவில் இருந்த படங்களை வைத்துத்தான் போலீஸ் துப்புப் பிடிக்கிறது என்று பேப்பரில் வந்தது. டீக்கடையில் அதை வாசிக்கக் கேட்டுவிட்டுக் கிளியம்மாள் ஓடி வந்தாள்.

"யக்கா, போட்டோவுல கூட நின்னவங்களையெல்லாம் தேடறாங்களாம். யாரு பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னுதான் மொதல்ல பாப்பாங்களாம்."

"நின்னா நிக்கட்டும். நமக்கின்னாடி?"

"நீ வல்லக்கோட்டையில நின்ன இல்ல? அந்தம்மா இடுப்புல கை போட்டுனு?"

சுந்தராம்பாள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரு போட்டோவைத் தவிர வேறு நினைப்பு இல்லை. முன்பு அது தன் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இப்போது அதே சிரிப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். நாளைக்கு அந்த சுபாஷ் யாரோ எவனோ என்று ஆகிவிட்டால், போலீஸ் மேஜை மேல் அந்தப் படம் இருக்கும். அதில் அவன் பெண்டாட்டியின் இடுப்பில் கைபோட்டுப் பல்லிளித்துக்கொண்டு மண்ணூர் சுந்தராம்பாள் நிற்பாள். எனக்கு அவங்களைத் தெரியாது சார் என்று சொல்லவும் வழி கிடையாது. அந்தப் போட்டோ வேறு எவன் கைக்கும் போகுமுன் தன் கைக்கு வந்தாக வேண்டும். அடுப்பில் போட்டுவிட்டால் நிம்மதி.

அவளும் கிளியம்மாளும் அந்தக் குடும்பம் போன இடங்களைத் திரும்ப விரலில் எண்ணினார்கள். செம்பரம்பாக்கம்: மெட்ராஸுக்குக் குடிக்கத் தண்ணீர் போகிற ஏரி, மதகு பக்கத்தில் நிறுத்தித்தான் பெண்ணைப் படம் எடுத்தானாம். மகாபலிபுரம்: கடல், கலங்கரை விளக்கம், படகு வரலாம் போகலாம். வேடந்தாங்கலுக்கு மட்டும் காரணம் அகப்படவில்லை.

"பட்சி கால்ல சேதி கட்டி அனுப்புவாங்களோ?" என்றாள் கிளியம்மாள்.

"கொக்கு காலிலயாடி? அது பாட்டுக்குச் சேத்துல எறங்கிடும்."

ஆனாலும் எட்டு தினுசில் இழுத்துப் பார்த்துவிட்டு அதையும் கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சுந்தராம்பாள் ஸ்ரீபெரும்புதூர் போனாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இராமச்சந்திரன் ஸ்டூடியோ வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, செத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பது எல்லாம் அவர்தான். பேச்சுவாக்கில் கேட்பது போல, கம்பெனி சூப்பர்வைசர் சுபாஷ் இங்கே ரோல் கொடுப்பாரா என்று கேட்டாள்.

"கேமராவும் கையுமா சுத்துவாரே, அவரா? தோ, இந்த வழியாத்தான் போவாரு வருவாரு. ஒரு ரோல் கழுவ வந்ததில்ல. அத்த விடு, ஒரு ரோல் வாங்கக்கூட வந்ததில்ல."

"வேற எங்கனாச்சும் குடுப்பாரோ?"

"தாம்பரத்துல குடுக்கலாம். ஆனா பக்கத்துல கடைய வச்சுனு அம்மாந்தூரம் போறவன் எதுக்குப் போவான்? நீயே சொல்லு."

அடுத்த பஸ்ஸிலேயே சுந்தராம்பாள் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜாஸ்மினைப் பிடித்தாள்.

"ஏம்மா, ஊரெல்லாம் போயி படம் புடிச்சுனு வரீங்களே, ஒண்ணாவது காட்டக்கூடாதா?"

ஜாஸ்மின் முகம் கொஞ்சம் வாடியது. "நானும் ஒண்ணுகூடப் பாக்கல்ல அக்கா. ரோல் முடிஞ்சதும் மெட்ராஸ்ல கூட்டாளி ஒருத்தர் கழுவித் தருவாராம். ஒரு வருசத்துப் படத்தையும் சேத்து ஒரே ஆல்பமா எங்க கல்யாண நாளுக்குத் தருவாவளாம். ஆவணியில வருது. எங்கம்மைக்கு அதை அனுப்பணும். பிள்ளையப் பாத்து ஒரு வருசமாச்சு அவளுக்கு."

பெண்டாட்டிக்கே காட்டவில்லை! சுந்தராம்பாளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அன்று எல்லப்பன் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டில் சோற்றோடு சேர்த்து இதையும் வைத்தாள்.

"போவியா அப்பால" என்றான் எல்லப்பன். "லைன்ல ஒரு நட்டு கொறைஞ்சாக்கூட கையெழுத்துப் போட மாட்டான் அந்தாளு. அவனப் போயி..."

"அப்போ ரோல் எங்க போவுது?"

"கேமராவுலதான் கீது போல. ஒனக்கின்னா வந்துச்சு?"

அவளுக்கு என்ன வந்தது என்பதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றை எக்கிச் சிரித்த சமாசாரம் அவனுக்குத் தெரியாது.

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம், பார்க்கப் போகிறோம் என்று பின்கட்டில் மூன்று பேரும் கிளம்பி நின்றார்கள். ஜோதிக்குப் புது ரிப்பன். சுபாஷ் கழுத்தில் கேமரா. அந்த நேரத்தில்தான் ஏட்டு பரசுராமன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வாடகைக்கு இருப்பவர்கள் விவரம் எழுத வந்திருக்கிறார். மண்ணூரில் அது அவருக்குப் பதினாலாவது வீடு. ஏற்கெனவே அரை மனசாகத்தான் இருந்தார். பெயர், ஊர், வேலை, எத்தனை பேர் என்று எழுதினார். கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பேனாவை மூடிக்கொண்டே, டீ குடிச்சீங்களா என்று கேட்கிற மாதிரி சுந்தராம்பாளைக் கேட்டார்.

"வேற எதுனா சந்தேகம் கீதாம்மா?"

வாழ்நாளில் அவளை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல சார். அந்தக் கேமராவுலதான்... ஒரு வருசமா படம் புடிக்கிறாரு. ஒரு படம்கூட யாரும் பார்த்ததில்ல. அதுல என் படமும் ஒண்ணு கீது சார். அது எனக்குத் தெரியாம எடுத்தது."

தெரியாமல் எடுத்தது என்ற பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பரசுராமன் பேனாவைத் திறந்தார். "எங்க சார் எடுத்தீங்க படமெல்லாம்?"

சுபாஷ் சொன்னான். ஏரி என்றபோது ஏட்டு நிமிர்ந்தார். கடல் என்றபோது கைநீட்டினார். "குடுங்க பாப்போம்."

"சார், தொறக்காதீங்க!" ஜாஸ்மின் குறுக்கே வந்துவிட்டாள். "வெளிச்சம் பட்டா எல்லாம் போயிரும் சார். ஒரு வருசத்துப் படம் சார். எங்க பிள்ள பல்லு விழுந்தது, மொதல் மொதலா கடல்ல எறங்குனது, எல்லாம் அதுலதான் இருக்கு. எங்கம்மைக்கு அனுப்பணும்."

"தொறக்க மாட்டேம்மா. எனக்கும் தெரியும். இத்த அப்டியே ஸ்டேஷனுக்கு எடுத்துனு போறேன். ஸ்டூடியோவுல குடுத்துக் கழுவிப் பாப்போம். ஒண்ணும் இல்லன்னா உங்க படம் உங்களுக்கு வந்துரும். செலவுகூட இல்ல."

ஜாஸ்மினுக்கு அது நியாயமாகப் பட்டது. "குடுங்க, கழுவியே குடுப்பாவ" என்றாள் புருஷனிடம். சுபாஷ் கொடுக்கவில்லை. கேமராவை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டான். நெற்றியில் வியர்வை வடிந்தது. அதைத் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை. சுந்தராம்பாள் கிளியம்மாளைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிளியம்மாள் எப்போதோ வந்து நின்றிருந்தாள். பார்த்தியா என்று இரண்டு பேர் கண்ணும் பேசிக்கொண்டன.

"இன்னா சார், குடுக்கறீங்களா, கூட வரீங்களா?" ஏட்டின் குரல் மாறிவிட்டது.

சுபாஷ் கேமராவைப் புரட்டினான். பக்கத்திலிருந்த குமிழை மேலே இழுத்தான். பின்பக்கம் பட்டென்று திறந்துகொண்டது.

"அய்யோ!" என்று ஜாஸ்மின் கத்தினாள். ஓடிப்போய் முந்தானையால் அதை மூடப் பார்த்தாள். மூடும் முன் உள்ளே இருந்தது தெரிந்தது. ஒன்றும் இல்லை. கறுப்புத் தகடு, இரண்டு பக்கமும் காலிக் குழி. சுத்தமாக, தூசிகூட இல்லாமல் இருந்தது.

ஜோதிதான் கேட்டாள். "அப்பா, ரோலு எங்க?"

"மொத ரோலு சரியா மாட்டத் தெரியல்ல" என்றான் சுபாஷ். யாரிடம் சொல்கிறான் என்று தெரியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "சுத்தவே இல்ல போலுக்கு. மெட்ராஸ்ல கழுவுனா, முழுக்க வெறும் வெளுப்பு. அதச் சொல்ல ஒரு மாதிரியா இருந்திச்சு. மச்சினன் அவ்வளவு ஆசையா தந்தது. பொறவு புதுசா வாங்கிப் போடணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். நீ இங்க வந்ததுலேர்ந்து ஊருக்குப் போணும், ஊருக்குப் போணும்னு அழுதுக்கிட்டே கெடந்த. கேமராவத் தூக்குனா மட்டும் சிரிச்ச."

"அதனால?" என்றாள் ஜாஸ்மின்.

அவன் காலிக் கேமராவை மூடினான்.

"வேடந்தாங்கல்ல என்னை எத்தன நேரம் வெயில்ல நிக்க வச்சீங்க? பறவை வரட்டும், வரட்டும்னு? பறவை வந்ததும் கிளிக்கினீங்களே, அது?"

பரசுராமன் தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷ சர்வீஸில் குற்றம் என்று எழுதவும் முடியாத, சும்மா விடவும் மனசு வராத ஒன்றை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "சரி, சரி. பேப்பரோட ஒட்ட குடும்ப போட்டோ ஒண்ணு குடுங்க. நான் கெளம்பறேன்" என்றார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது.

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "கேமரா வச்சுனு கீற குடும்பம்! ஸ்டூடியோவுல போயி எடுங்க. வூட்டுக்காரம்மா, நீங்களும் போங்க. இவங்கதான் அவங்கன்னு பின்னாடி கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சுந்தராம்பாளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வல்லக்கோட்டைப் போட்டோ இல்லை. எந்த மேஜை மேலும் அவள் சிரிப்பு இல்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கிய கையோடு ஆத்திரம் வந்தது. அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அது எதுக்கு? உனக்குச் சிரிப்பு நல்லாருக்கும் என்று சொன்னானே, அதுவும் ரோல் இல்லாத பேச்சுதானா? அதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வாரம் பின்கட்டில் சத்தமே இல்லை. சண்டை இருந்தாலாவது ஒட்டுக் கேட்டிருக்கலாம். சுபாஷ் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தான். ஜாஸ்மின் அவன் சொல்வதையெல்லாம் இரண்டாம் தடவை கேட்டாள். உப்பு வாங்கினீங்களா என்றால் வாங்கினேன் என்பான். காட்டுங்க என்பாள். ஜோதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நேராக உள்ளே போய்விடுவாள். அத்தே என்று ஒரு வார்த்தை கிடையாது. கிளியம்மாள் மட்டும் வந்து, "அப்ப பட்சி சேதி கெடையாதா?" என்று கேட்டாள். சுந்தராம்பாள் அவளை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஒரே பஸ்ஸில் நாலு இடத்தில் உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர் போனார்கள்.

இராமச்சந்திரன் மலைத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டார். சுபாஷ் ஒரு பக்கம், ஜாஸ்மின் ஒரு பக்கம், நடுவில் ஜோதி. விளக்கைப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

"பாப்பா, இங்க பாரு."

ஜோதி பார்க்கவில்லை. "உள்ள ரோல் இருக்கா?"

"கீதும்மா."

"தொறந்து காட்டுங்க."

"தொறந்தா வெளிச்சம் பட்டுப் பூடுமே கண்ணு."

"எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாவ" என்று ஜோதி ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள்.

சுபாஷ் சுவரைப் பார்த்தான். ஜாஸ்மின் பெண்ணை இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை. இராமச்சந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபது வருசமா ஸ்டூடியோ வச்சுனு கீறேன். எங்கிட்ட வந்து ரோல் கீதான்னு... இன்னாம்மா இது?" என்று சுந்தராம்பாளிடம் திரும்பினார்.

ஜோதியும் அவளிடம்தான் திரும்பினாள். "அத்தே, நீங்க நில்லுங்க. நீங்க நின்னா நானும் நிக்கேன்."

"நான் எதுக்குடி? நான் கையெழுத்துப் போட வந்தவ."

"நீங்க ஏமாற மாட்டீங்கல்லா?"

சுந்தராம்பாள் வாசலைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குப் போகிற படம். ஃபைலில் ஒட்டி, முத்திரை குத்தி, எந்தக் காலத்துக்கும் அங்கேயே கிடக்கப்போகிற படம். எதற்குப் பயந்து இரண்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்தாளோ அதே படம். கடைக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இப்போது கிளம்பினால்கூட அதைப் பிடித்துவிடலாம்.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஜாஸ்மின் பக்கத்தில் போய் நின்றாள். ஜாஸ்மின் நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். தோளில் கை போடவில்லை. சுந்தராம்பாளும் கேட்கவில்லை.

"வூட்டுக்காரம்மா படத்துல வேணாம்னு நெனைக்கிறேன். ஏட்டு எதுனா சொல்லப் போறாரு" என்றார் இராமச்சந்திரன்.

"சொன்னா நான் பார்த்துக்கறேன். எடுய்யா."

"அப்போ யாராச்சும் ஒருத்தராவது சிரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் கேமராவின் கண்ணையே உற்றுப் பார்த்தார்கள். உள்ளே சுருள் நகர்கிற சத்தம் கேட்கிறதா என்று நாலு பேருக்கும் காது அங்கேதான் இருந்தது. கிளிக் என்றது.

"ஆச்சு. புதன்கெழம வாங்க. கழுவி வைக்கிறேன்."

சுபாஷ் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் நின்றான். ஜாஸ்மின் செருப்பை மாட்டினாள். சுந்தராம்பாள் நகரவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சைக் கையால் தட்டித் தூசி துடைத்தாள்.

"கழுவ எம்மாம் நேரம் ஆவும்?"

"கருப்பு வெள்ளதான். சாயங்காலத்துக்குள்ள ஆயிடும். ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கெழம, நான்..."

"கழுவு. நாங்க இங்கயே ஒக்காந்துகினு கீறோம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஜோதி வந்து ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஜாஸ்மினும் பெஞ்சின் அடுத்த கோடியில் உட்கார்ந்தாள். இராமச்சந்திரன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே கேமராவை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மூன்று பேர் கண்ணும் அந்தக் கதவின் மேல் இருந்தது.